பேசாப் படமும் பேசிய இசையும்

நுழையும்முன்

திரைப்படம் பிறந்தபோது அதற்குக் குரல் இல்லை. ஆயினும், அது காட்டப்பட்ட இடங்கள் அமைதியாக இருந்ததில்லை. திரையருகே அமர்ந்த சில கலைஞர்கள், ஒளியால் அசைந்த உருவங்களுக்குத் தம் இசையால் உயிரூட்டினர். காண்போரை அஞ்சவைக்கும் காட்சிகளில் அவர்களின் பங்கு மிகப்பெரிது. அக்கலையின் இயல்பையும், திரைப்படம் கொங்குநாட்டில் வேர்கொண்ட வரலாற்றையும், நேரடி இசை மறைந்து மீண்டும் ஒலிக்கத் தொடங்கியுள்ள கதையையும் இப்பாடத்தில் அறியலாம்.

ஓசைவழி வரும் அச்சம்

சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரியைக் கடந்து திம்பம் நோக்கி ஏறும் மலைச்சாலை 27 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. அம்மலையடிவாரத்து மக்கள் இரவில் யானையை முதலில் கண்ணால் காண்பதில்லை. மூங்கில் முறியும் ஓசையால் அறிகின்றனர். சருகு சலசலவென ஒலித்தால் நடப்பவர் கால் தானே நின்றுவிடும். உருவம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அதன் அளவும் தொலைவும் விளங்கிவிடும். ஓசை மட்டும் கேட்கும்போதோ, அவ்வுருவத்தை மனமே வரைந்துகொள்கிறது. மனம் வரையும் உருவம் பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும்.

அச்சத்தை ஓர் உணர்வாக ஆராய்ந்த மரபு தமிழில் மிகப் பழைமையானது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கிறது. அச்சம் தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் காட்டுகிறது. இறை என்பது இங்கு அரசனைக் குறிக்கும். பழந்தமிழர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பறையையும் பண்ணையும் கருப்பொருள்களுள் வைத்தனர். ஆறலை கள்வர் திரியும் பாலை நிலத்துக்குரிய பறை துடி. அச்சத்துக்கு உரிய நிலத்துக்கு அதற்கேற்ற ஓசையையும் வகுத்த நுட்பம் இதில் புலப்படுகிறது.

இந்நுட்பமே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரைப்பட அரங்குகளில் வேறொரு வடிவில் வெளிப்பட்டது.

ஒலியற்ற நிழல்கள்

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிசு நகரின் கிராண்ட் கஃபேயில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு தம் அசையும் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டினர். அடுத்த ஆண்டு ஜூலை 7 அன்று அவர்களின் படங்கள் மும்பையின் வாட்சன் விடுதியில் காட்டப்பட்டன. 1897இல் சென்னை விக்டோரியா பொதுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் அசையும் படங்களைத் திரையிட்டார்.

1896இல் உருசிய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி லூமியர் படங்களைக் கண்டு ஒரு கட்டுரை எழுதினார். வியப்பைவிட அச்சமே அதில் மேலோங்கி நின்றது. திரையில் வண்டிகள் ஓடின; சக்கரத்தின் ஓசை இல்லை. மக்கள் சிரித்தனர், சிரிப்பொலி கேட்கவில்லை. உயிருள்ளவை போல் அசைந்தும் ஒலியின்றி இருந்த அவ்வுருவங்கள் அவருக்கு நிழல்களாகவே தோன்றின. எந்தப் பேய்க்கதையும் சொல்லாத அப்படங்கள் ஓசையின்மையாலேயே அவரை அஞ்சவைத்தன.

அந்த வெறுமையை நிரப்புவதே இசையின் முதற்பணி ஆயிற்று. படவீழ்த்தியின் இரைச்சலை மறைக்கவும் அது பயன்பட்டது. முன்பின் அறியாத பலர் இருட்டில் ஒன்றாக அமர்ந்திருக்கும்போது, அவர்களை ஒரே உணர்வில் இணைக்கும் கயிறாகவும் இசை விளங்கியது. நாளடைவில், எந்தக் காட்சியில் எதை உணரவேண்டும் என்று காண்போருக்கு உணர்த்தும் பொறுப்பையும் அது ஏற்றது. பேசாப் படங்களின் காலம் முழுவதும் திரை ஊமையாக இருந்தது. அரங்கு ஊமையாக இருக்கவில்லை.

கொங்கு மண்ணில் கூடாரம்

இக்கலையைத் தென்னிந்திய ஊர்களுக்குக் கொண்டுசென்றவர்களுள் முன்னோடி கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். 1883இல் பிறந்த அவர் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராகப் பணியாற்றினார். 1905இல், படம் காட்டிவந்த தூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் உடல்நலம் குன்றி ஊர் திரும்ப எண்ணியபோது, அவரிடமிருந்த படவீழ்த்தியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். அவற்றுள் இயேசுவின் வாழ்க்கையைக் கூறும் படமும் ஒன்று. நிலையான வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று படம் காட்டத் தொடங்கினார்.

1914இல் கோயம்புத்தூரில் 'வெரைட்டி ஹால்' என்னும் திரையரங்கை அவர் நிறுவினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிலையான திரையரங்குகளுள் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் அது 'டிலைட்' எனப் பெயர் மாறியது. அரங்கின் பழைய பெயரை 'வெரைட்டி ஹால் சாலை' இன்றும் தாங்கி நிற்கிறது. பேசும் படக் காலத்திலும் வின்சென்ட்டின் பணி தொடர்ந்தது. 1933இல் வெளிவந்த 'வள்ளி திருமணம்' படத்தயாரிப்பில் அவருக்குப் பங்கு உண்டு. 1942இல் அவர் மறைந்தார்.

தெரியுமா?
கூடாரத் திரையரங்குகளில் ஒரே ஒரு படவீழ்த்தியே இருக்கும். ஒரு சுருள் முடிந்து மறுசுருளை மாட்டும்வரை திரை இருண்டு கிடக்கும். அவ்விடைவெளியில் கூட்டம் கலைந்துவிடாமல் காத்ததும் இசையே ஆகும்.

திரையருகே அமர்ந்தவர்கள்

பேசாப் படக் காட்சி என்பது மூன்று கலைகள் கூடிய நிகழ்வு. முதலாவது, கூடாரத்துக்கு வெளியே நடந்த அறிவிப்பு. மாட்டுவண்டியில் படத்தட்டிகளைக் கட்டி, மேளம் முழக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்றனர். இரண்டாவது, திரையருகே நின்றவரின் குரல். படத்தின் இடையிடையே தோன்றிய எழுத்துகளைப் படிக்க அறியாதவரே அன்று மிகுதி. ஆகவே, ஒருவர் அவற்றை உரக்கப் படித்துக் கதையையும் விளக்கினார். சப்பானில் இத்தகைய கதைசொல்லியை 'பென்ஷி' என்பர். அங்குச் சிறந்த பென்ஷிகளின் புகழ் நடிகர்களின் புகழுக்கு இணையாக இருந்தது.

மூன்றாவது, கருவியிசை. இந்திய அரங்குகளில் ஆர்மோனியமும் தபலாவும் பெருவழக்காக இருந்தன. வசதியான நகர அரங்குகளில் பியானோ, வயலின் முதலியவையும் ஒலித்தன. இக்கலைஞர்களுக்கு முன் இசைக்குறிப்பு ஏதும் இருந்ததில்லை. கண் திரையிலும் கை கருவியிலும் காது கூட்டத்திலும் இருக்க, அந்தந்த நொடியிலேயே இசையை உருவாக்கினர். திரையில் வாள் உயரும்போது தபலா விரைந்தது. தாய் பிள்ளையைப் பிரியும்போது ஆர்மோனியம் இழைந்தது. நாடக மேடைகளில் பழகிய மெட்டுகள் அவர்களுக்குக் கைகொடுத்தன.

அன்றைய படவீழ்த்திகள் பலவற்றைக் கையால் சுழற்றி இயக்கினர். இயக்குபவரின் கை தளர்ந்தால் திரையில் ஓடுபவர் நடப்பார். கை விரைந்தால் நடப்பவர் ஓடுவார். ஒரே படம் இரண்டு காட்சிகளில் இரண்டு விதமாக ஓடக்கூடும். இசைப்போர் அதற்கேற்பத் தம் காலப்பிரமாணத்தை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். எனவே, படம் ஒன்றாயினும் அதன் இசை ஒருநாள் போல் மறுநாள் அமைவதில்லை.

அறையிசை என்னும் வடிவம்

மேலை நாடுகளில் பெரிய அரங்குகள் முழு இசைக்குழுவை அமர்த்திக்கொண்டன. சிறிய அரங்குகளில் மூவர் முதல் ஐவர் வரை கொண்ட சிறுகுழுக்கள் இசைத்தன. சிலர் மட்டும் கூடி, ஒவ்வொருவரும் தனித்தனிப் பகுதியை ஏற்று, நடத்துநர் இன்றி ஒருவரை ஒருவர் உற்றுக்கேட்டு இசைப்பதை 'அறையிசை' எனலாம். அரண்மனை அறைகளிலும் இல்லங்களிலும் தோன்றிய வடிவம் ஆதலின் அப்பெயர் பெற்றது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் ஆகியவை தம்முள் கேட்டும் விடைகூறியும் செல்லும் நம் கச்சேரியின் ஒழுங்கு இதற்கு நெருக்கமானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், அதனைத் தொடர்ந்து முழவும் என ஒன்றன்வழி ஒன்று இயைந்து ஒலித்த முறையைக் கூறுகிறது. ஒருவர் இசைப்பதை மற்றவர் கேட்டு நடப்பதே அங்கும் உயிர்நாடி.

1908இல் பிரெஞ்சு இசையறிஞர் கமீல் சான்சான், 'கீஸ் கோமகனின் கொலை' என்னும் குறும்படத்துக்கெனத் தனியே இசை அமைத்தார். நரம்புக் கருவிகள், சில காற்றுக் கருவிகள், பியானோ, ஆர்மோனியம் ஆகியவை கொண்ட சிறுகுழுவுக்காக அது எழுதப்பட்டது. புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் திரைப்படத்துக்கென எழுதிய மிகத் தொடக்ககால இசைகளுள் அது குறிப்பிடத்தக்கது. அப்படத்தின் பொருளும் சூழ்ச்சியும் கொலையுமே என்பது கருதத்தக்கது.

பின்னர்ச் சூழலுக்கேற்ற இசைத்துணுக்குகளைத் தொகுத்த நூல்கள் வெளிவந்தன. 1924இல் எர்னோ ராப்பே தொகுத்த நூலில் போர், புயல், காதல், அச்சம் எனப் பல மனநிலைகளுக்கு உரிய பகுதிகள் வகைப்படுத்தப்பட்டிருந்தன. மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தமிழ் மரபை அறிந்தோர்க்கு இம்முயற்சி புதிதாகத் தோன்றாது.

தெரிந்து தெளிவோம்
ஒரே சுரம் மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது ஆதாரச் சுருதி. மிக அருகருகே உள்ள இரண்டு சுரத்தானங்களை ஒருசேர ஒலித்தால் அவை இயையாமல் உரசி அதிர்வதைக் கேட்கலாம். இவ்வுரசல் கேட்போர் மனத்தில் அமைதியின்மையை உண்டாக்கும். அச்சுறுத்தும் காட்சிகளுக்கு இசையமைப்போர் இதனைப் பெரிதும் பயன்படுத்துவர்.

படியேறும் நிழல்

பேசாப் படக் காலத்து அச்சப் படங்களுள் தலையாயது 'நோஸ்ஃபெராட்டு'. எஃப்.டபிள்யூ. முர்னாவ் இயக்கிய இச்செர்மானியப் படம் 1922ஆம் ஆண்டு மார்ச்சு 4 அன்று பெர்லினில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. குருதி குடிக்கும் ஓர்லாக் என்னும் கோமகனின் கதை இது. மாக்ஸ் ஷ்ரெக் அப்பாத்திரத்தில் நடித்தார். ஹான்ஸ் எர்ட்மன் இசையமைத்தார்.

இப்படத்தில் உலகப் புகழ்பெற்ற காட்சி ஒன்று உண்டு. ஓர்லாக் மாடிப்படி ஏறுகிறான். திரையில் அவன் உடல் தெரிவதில்லை. சுவரில் அவனது நெடுநிழல் மட்டும் ஏறுகிறது. வளைந்த முதுகும் நீண்ட விரல்களும் மெல்ல மேலேறி, ஒரு கதவை நோக்கி நீள்கின்றன. அக்காட்சியில் பேச்சும் இல்லை, மோதலும் இல்லை.

இதற்குச் சிறுகுழு ஒன்று இசைப்பதாகக் கொள்வோம். வயலினைவிடப் பெரிதாய்த் தாழ்ந்த குரலில் ஒலிக்கும் செல்லோ ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது. அதற்கு மிக அருகில் உள்ள சுரத்தை மற்றொரு கருவி மெல்லத் தொடுகிறது, இரண்டும் உரசுகின்றன. நிழல் ஒரு படி ஏறும்போது இசை ஒரு படி ஏறினால், காண்போர் அடுத்த படியை எதிர்பார்த்துப் பழகிவிடுவர். ஆகவே, தேர்ந்த கலைஞர்கள் நிழலைப் படிக்குப் படி பின்தொடர்வதில்லை. நிழல் மேலேறும்போது அவர்கள் தாழ்ந்தே நிற்கின்றனர். நிழலின் கை கதவைத் தொட நீளும் நொடியில் எல்லாக் கருவிகளும் ஒருசேர ஓய்கின்றன. அந்த அமைதியில் அரங்கிலுள்ள ஒவ்வொருவரும் தம் மூச்சின் ஓசையையே கேட்கின்றனர். வில்லை நரம்பிலிருந்து எப்போது எடுக்கவேண்டும் என்று அறிவதே அச்சத்தை இசைப்பதன் கடினமான பகுதி. மூங்கில் முறிந்தபின் வரும் அமைதியே காட்டில் நிற்பவனை மிகுதியாக அஞ்சவைக்கும். அரங்கிலும் அதுவே நிகழ்கிறது.

பதிவுசெய்த இசையில் அவ்வமைதியின் நீளம் மாறாதது. நேரடி இசையிலோ அது கூட்டத்தைப் பொறுத்தது. ஒரு குழந்தை அழுதால் சற்று முன்னரே இசை தொடங்கும். அரங்கு முழுதும் உறைந்திருந்தால் இன்னும் ஒரு நொடி காத்திருக்கும். திரை காண்போரை அறியாது; இசைப்போர் அறிவர். ஒளிக்கும் மனிதர்க்கும் இடையே நின்ற அவர்களே அச்சத்தை அளந்து வழங்கினர்.

உடுக்கை ஒலிக்கும் இரவு

இத்தகைய திறம் கொங்கு மக்களுக்குப் புதிதன்று. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் வீரக்கதையான அண்ணன்மார் கதையைக் கொங்குநாட்டில் உடுக்கை அடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடுவர். உடுக்கையின் இடைப்பகுதியில் உள்ள கயிறுகளை விரல்களால் இறுக்கியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்கலாம். ஒரு கருவி கொண்டே விம்மலையும் உறுமலையும் எழுப்புவர். அண்ணன்மார் வீழும் படுகளக் காட்சி நெருங்கும்போது உடுக்கையின் நடை மாறும். கேட்போரில் சிலர் தம்மை மறந்து மருள் வந்து ஆடுவதும் உண்டு. அங்குத் திரை இல்லை, படமும் இல்லை. ஓசையும் சொல்லும் கேட்போர் கண்முன் போர்க்களத்தை விரிக்கின்றன.

உடுக்கை அடிப்பவரும் கூட்டத்தைப் பார்த்தே அடிக்கிறார். பேசாப் படத்துக்கு இசைத்தவரும் கூட்டத்தைக் கேட்டே இசைத்தார். இருவர் தொழிலும் ஒன்றே. ஆயினும், இரண்டின் வரலாறும் ஒன்றாக அமையவில்லை. கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிருந்தா பெக், 1965இல் கொங்குநாட்டில் தங்கி, அண்ணன்மார் கதைப்பாடலை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். அதனால் அப்பாடகர்களின் குரலை இன்றும் கேட்க முடிகிறது. திரையருகே அமர்ந்தவர்களுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

அடங்கிய கருவிகள்

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் பேசாக் கதைப்படம் ஆர். நடராச முதலியாரின் 'கீசகவதம்'. 1916 முதல் 1918 வரையிலான காலத்தில் சென்னையில் அது உருவாயிற்று. பாரதக் கதையில், திரௌபதியைத் துன்புறுத்திய கீசகனைப் பீமன் இரவில், இருண்ட ஆடரங்கில் மறைந்திருந்து கொல்கிறான். தெருக்கூத்திலும் பெயர்பெற்ற கதை அது. அச்சமும் வெகுளியும் பெருமிதமும் ஒருங்கே கூடும் அவ்விருட்காட்சி, இசைப்போரின் திறத்துக்கு உரைகல்லாக அமையத்தக்கது. அப்படத்தின் ஒரு சுருள்கூட இன்று எஞ்சவில்லை.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்தது. மக்கள் திரையின் குரலைக் கேட்கத் திரண்டனர். தொடக்கத்தில், படம்பிடிக்கும் இடத்திலேயே ஒளிப்படக் கருவியின் கண்ணில் படாமல் மரத்தின் பின்னும் புதரின் பின்னும் மறைந்திருந்து இசைத்தனர். அரங்கில் முன்வரிசையில் அமர்ந்திருந்த இசைக்கலைஞர், படப்பிடிப்பில் மறைவிடம் தேடவேண்டியதாயிற்று. பின்னணிப் பாடல்முறை வந்தபின் அத்தேவையும் நீங்கியது. பேசும் படங்கள் பரவப் பரவத் திரையருகே இருந்த இருக்கைகள் வெறுமையாயின.

இந்தியாவில் 1,000க்கும் மேற்பட்ட பேசாப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவ்வாறு எஞ்சிய ஒன்றின் கதை வியப்பூட்டுவது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' 1933இல் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டது. நாவலின் உரிமை தொடர்பாகப் பதிப்பகம் தொடுத்த வழக்கால் உடனே நிறுத்தப்பட்டது. பதிப்பகத்தில் நெடுங்காலம் முடங்கிக் கிடந்த படச்சுருள் 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. 'நோஸ்ஃபெராட்டு'வும் நாவல் உரிமை வழக்கில் சிக்கிய படமே. 'டிராகுலா' நாவலின் கதையை இசைவின்றி எடுத்தாண்டமையால் அதன் படிகளை எல்லாம் அழிக்க 1925இல் செர்மானிய நீதிமன்றம் ஆணையிட்டது. வேற்று நாடுகளுக்குச் சென்றிருந்த படிகளால் அது பிழைத்தது.

படங்கள் இவ்வாறு தப்பின, இசை தப்பவில்லை. எர்ட்மன் எழுதிய இசையின் பெரும்பகுதி மறைந்தது. எஞ்சிய பகுதிகளைக் கொண்டே பிற்காலத்தார் அதனை மீட்டமைத்தனர். எழுதப்பட்ட இசைக்கே இந்நிலை என்றால், எழுதப்படாமல் ஒவ்வோர் இரவும் பிறந்து அவ்விரவே மறைந்த ஆர்மோனிய இசையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. படத்தை எடுத்தவர் பெயரும் காட்டியவர் பெயரும் வரலாற்றில் உள்ளன. கூடாரந்தோறும் ஆர்மோனியம் இசைத்தவரின் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் அச்சாகவில்லை.

மீண்டும் ஒலிக்கும் இசை

மறைந்ததாகக் கருதப்பட்ட இக்கலை அண்மைக் காலத்தில் மீண்டும் துளிர்த்துள்ளது. இத்தாலியின் போர்டெனோனே நகரில் 1982 முதல் பேசாப் படங்களுக்கெனத் தனி விழா நடைபெறுகிறது. அங்குப் படங்கள் நேரடி இசையோடு திரையிடப்படுகின்றன. 'நோஸ்ஃபெராட்டு'வுக்குப் புதிய இசை அமைத்து அரங்கிலேயே இசைக்கும் சிறுகுழுக்கள் உலகின் பல நகரங்களில் உள்ளன.

இந்தியப் படங்களும் இப்பேற்றைப் பெற்றன. 1929இல் வெளிவந்த 'பிரபஞ்ச பாசம்' படத்துக்கு நிதின் சாஹ்னி அமைத்த இசையை இலண்டன் சிம்பொனி இசைக்குழு இசைத்தது. தாசுமகால் கதையைக் கூறும் 1928ஆம் ஆண்டுப் படமான 'சிராஸ்' 2017இல் மீட்டமைக்கப்பட்டது. சிதார்க் கலைஞர் அனுஷ்கா சங்கர் அதற்கு இசையமைத்து இலண்டனில் தம் குழுவினருடன் நேரடியாக இசைத்தார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அப்படத்தின் முன் இசைப்போரின் இருக்கைகள் நிரம்பின.

தமிழ்த் திரையுலகிலும் ஓசையின் அருமையையும் அமைதியின் அருமையையும் உணர்ந்த இசைக்கலைஞர்கள் இருந்தனர். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கிய 'அந்த நாள்' பாடலோ ஆடலோ இல்லாத முதல் தமிழ்ப்படமாகும். ஒரு கொலையின் மருமத்தைத் துலக்கும் அப்படத்தில், இசை வல்லுநர் ஒருவரே பாடல்களை விலக்கியது எண்ணத்தக்கது. எங்கே இசைக்கக்கூடாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

கொங்குநாட்டில் உடுக்கை அடித்துப் பாடுவோர் இன்றும் உள்ளனர். நாடக மேடையில் ஆர்மோனியம் இசைப்போரும் உள்ளனர். அன்று ஒலிப்பதிவுக் கருவி அரிது. இன்று அது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. பேசாப் படத்துக்கு இசைத்தவர்களின் கலை அவர்களோடு போயிற்று. வாழ்வோரின் கலை அவ்வாறு போகாமல் காப்பது அதனைக் கேட்கும் தலைமுறையின் கடமையாகும்.

சொல்லும் பொருளும்

மெய்ப்பாடு – உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல்
இளிவரல் – இழிவு
மருட்கை – வியப்பு
வெகுளி – சினம்
அணங்கு – வருத்தும் தெய்வம்
ஆறலை கள்வர் – வழிப்பறி செய்வோர்
துடி – உடுக்கை வகையைச் சார்ந்த தோற்கருவி
படுகளம் – வீரர்கள் வீழ்ந்துபட்ட போர்க்களம்
உரைகல் – தரத்தை அறிய உதவுவது

இலக்கணக் குறிப்பு

பேசாப் படம் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
சலசல – இரட்டைக்கிளவி
நெடுநிழல் – பண்புத்தொகை
ஓசையும் சொல்லும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

இசைத்தனர் – இசை + த் + த் + அன் + அர்
இசை – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. பேசும் படம் ஒன்றின் அச்சமூட்டும் காட்சியை ஒலியுடனும் ஒலியின்றியும் பார்த்து, நீங்கள் உணர்ந்த வேறுபாடுகளை வகுப்பில் பகிர்க.
2. படியேறும் நிழற்காட்சிக்கு உடுக்கை, புல்லாங்குழல், வயலின் ஆகிய மூன்று கருவிகளைக் கொண்டு இசை அமைப்பதாயின், எவ்விடத்தில் எக்கருவியை ஒலிப்பீர்கள்? எவ்விடத்தில் நிறுத்துவீர்கள்? காரணத்துடன் எழுதுக.
3. உங்கள் ஊரில் உடுக்கைப்பாட்டு, தெருக்கூத்து, நாடகம் ஆகியவற்றில் இசைக்கும் மூத்த கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவரது இசைவுடன் அவரது இசையைப் பதிவுசெய்து வகுப்பில் ஒலிக்கச் செய்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

1. பாலை நிலத்துக்குரிய பறை
அ) தொண்டகம் ஆ) துடி இ) ஏறுகோட்பறை ஈ) மீன்கோட்பறை

2. பேசாப் படங்களுக்குக் கதை விளக்கம் கூறியவரைச் சப்பானியர் அழைத்த பெயர்
அ) எர்ட்மன் ஆ) ஓர்லாக் இ) பென்ஷி ஈ) சிராஸ்

3. சரியான கூற்றைத் தேர்க.
அ) 'கீசகவதம்' படச்சுருள் புனேயில் பாதுகாக்கப்படுகிறது.
ஆ) 'மார்த்தாண்ட வர்மா' உரிமை வழக்கால் நிறுத்தப்பட்டது.
இ) 'காளிதாஸ்' ஒரு பேசாப் படம்.
ஈ) 'அந்த நாள்' பாடல்கள் மிகுந்த படம்.

குறுவினா

1. அச்சம் தோன்றுவதற்குத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன்கள் யாவை?
2. 'அறையிசை' – விளக்குக.
3. வெரைட்டி ஹால் – குறிப்பு வரைக.

சிறுவினா

1. பேசாப் படக் காட்சிகளுக்கு இசை தேவைப்பட்டதற்கான காரணங்களைத் தொகுத்துரைக்க.
2. "திரை காண்போரை அறியாது, இசைப்போர் அறிவர்" – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
3. உடுக்கை அடித்துப் பாடுபவரையும் பேசாப் படத்துக்கு இசைத்தவரையும் ஒப்பிடுக.

நெடுவினா

1. அச்சச் சுவையை வெளிப்படுத்துவதில் இசையும் அமைதியும் பெறும் இடத்தை 'நோஸ்ஃபெராட்டு' காட்சி கொண்டு நிறுவுக.
2. பேசும் படத்தின் வரவால் தமிழ்த் திரை பெற்றதையும் இழந்ததையும் ஆராய்ந்து கட்டுரை வரைக.